பாளையங்கோட்டை மாநாட்டின் பின்கட்டில்

அக்டோபர் 8, 2025, புதன்கிழமை

அக்டோபர் பிறந்து ஒரு வாரமாகியும் திருநெல்வேலியில் வெயில் தணியவில்லை. திருச்சியிலிருந்து வந்த பேருந்து வேய்ந்தான்குளம் நிலையத்தில் நின்றபோது பிற்பகல் மூன்று மணி. தார்ச்சாலையின் அனல் முகத்தில் அடித்தது. பெருமாள்புரத்துக்கு ஆட்டோ 120 ரூபாய். மாநாட்டு வேலைக்காக வந்திருக்கிறேன் என்றதும் ஓட்டுநர், "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார். கட்சியில்லை, உளவியல் மாநாடு, வெள்ளம் புயல் போன்ற பேரிடர்களுக்குப் பிறகு மனிதர்களின் மனம் என்ன பாடுபடுகிறது என்பதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று சொன்னேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

"எங்க அத்தைக்கு அந்த வெள்ளத்துக்குப் பொறவு மழைச் சத்தம் கேட்டா உறக்கம் கெடையாது. ராத்திரி பூரா வாசப்படியில உக்காந்திருக்காவ. அதுக்கு அங்க வழி சொல்லுவாவளா?"

அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐச் சொல்லி, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம் என்று விளக்கினேன். வண்டியை ஓரமாக நிறுத்தி எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டவர், இறங்கும்போது 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 10 உலக மனநல நாள். 1992 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பேரிடர், நெருக்கடிக் காலங்களில் மனநலச் சேவை மக்களுக்குக் கிடைப்பது குறித்தே இவ்வாண்டின் கருப்பொருள் அமைந்திருப்பதால், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அதையே தன் இரண்டு நாள் மாநாட்டுக்கும் எடுத்துக்கொண்டது. அங்கே பேராசிரியராக இருக்கும் என் தோழி, "ஏட்டி, பேப்பர் படிக்க வராண்டாம், வேல பாக்க வா" என்று அழைத்திருந்தாள். பள்ளி ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு மாநாடுகளின் முன்வரிசை பழக்கமானது, பின்கட்டு புதிது.

மாலை முழுவதும் பை நிரப்பும் வேலை நடந்தது. ரெக்சின் பைக்குப் பதிலாகப் பத்தமடைக் கோரையில் செய்த கோப்புறை வாங்கியிருந்தார்கள். ஒன்று 110 ரூபாய். அதற்குள் குறிப்பேடு, பேனா, ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு, உணவு டோக்கன் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகும் மாணவிகளின் வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்க எட்டு மணியாயிற்று. இரவு தோழியின் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?" என்று அவள் அம்மா கேட்டு, பதிலை எதிர்பாராமல் வைத்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழக்கிழமை

இன்று நாள் முழுவதும் எழுத்துருவோடு போராட்டம். தமிழில் கட்டுரை வாசிப்பவர்கள் அனுப்பியிருந்த கோப்புகளைக் கல்லூரிக் கணினியில் திறந்தால், பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கங்கள் எல்லாம் புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடந்தன. ஆங்கிலக் கட்டுரைக்கு இந்தத் தொல்லையே இல்லை. மேடையேறிய பிறகு இது நேர்ந்தால் தமிழில் எழுதியவருக்கு மட்டும் எட்டு நிமிடத்தில் மூன்று நிமிடம் வீணாகிவிடும், அதற்குள் கூடத்தின் கவனமும் கலைந்துவிடும். ஆகவே மூன்று மாணவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றி, உரியவரைத் தொலைபேசியில் அழைத்து வரிவரியாகச் சரிபார்த்து, பிடிஎஃப் படி ஒன்றையும் பாதுகாப்புக்காக எடுத்து வைத்தோம். கோவில்பட்டியிலிருந்து பேசிய ஓர் ஆசிரியை, தம் கட்டுரையைத் திரையில் எழுத்துப் பிழையின்றிக் காட்டுவதற்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுவார் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக் குரல் தழுதழுத்தார். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான்.

மதியத்துக்குப் பிறகு அமர்வு அட்டவணை கைக்கு வந்தது. 2023 வெள்ளத்தின்போது களத்தில் நின்ற ஐந்து பேர், அதாவது கிராம சுகாதார செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் குழுத் தலைவி, மீனவர் ஒருவர், வாழை விவசாயி ஒருவர் ஆகியோருக்கு, நிறைவு நாளில் மாலை நான்கு மணிக்கு, ஐவருக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் வெளியூர்க்காரர்கள் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். போதாக்குறைக்கு அன்று தீபாவளிக்குப் பத்து நாள்கூட இருக்காது, ஐந்து மணிக்குத் திறக்கும் இருட்டுக்கடையில் அல்வா வாங்க நாலரைக்கே வரிசை நின்றுவிடும். தோழியும் நானும் ஏற்பாட்டுக் குழுவிடம் போய், அந்த அமர்வை முதல் நாள் முற்பகலுக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். சிறப்பு விருந்தினர்களின் விமானச் சீட்டு, அழைப்பிதழ் அச்சு என்று காரணங்கள் சொன்னார்கள். எவையும் பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் விருந்தினர்களின் நேரத்தைக் குறித்த பிறகு மிஞ்சிய இடத்தில் களப்பணியாளர்களை நிரப்பியதுதான் அந்த அட்டவணையின் வடிவம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பேரிடரைப் பற்றிய மாநாட்டில் பேரிடரைக் கண்டவர்கள் கடைசியில் பேசுவது எனக்கு இன்னும் ஏற்கவில்லை.

பெற முடிந்தவை இரண்டு. அந்த அமர்வு முழுவதும் தமிழில் நடக்கும். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையின் பின்புறத்தில் 14416 எண்ணை அச்சிடுவார்கள். அட்டைகளை மறுபடி அச்சிட வேண்டியிருந்ததால் முருகன்குறிச்சியிலுள்ள அச்சகத்துக்கு இரவு ஒன்பதரைக்கு ஓடினோம். கடையடைக்கத் தயாராக இருந்த அண்ணாச்சி, விவரம் கேட்டுவிட்டுப் பின்புற அச்சுக்குப் பணம் வேண்டாம் என்றார்.

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை

பதிவு மேசை காலை ஏழரைக்குத் திறந்தது. முன்பதிவு செய்தவர்களைவிட நேரில் பணம் கட்டியவர்களே அதிகமாக வந்தார்கள். மாணவர்க்கு 300, மற்றவர்க்கு 800 ரூபாய். சில்லறைதான் பெரும்பாடு. சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் மனிதர்கள் எவ்வளவு வேதனைப்படுகிறார்கள் என்பதை மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தால்தான் அறிய முடியும். முதலெழுத்தை விட்டுவிட்டதற்காக வருந்திய தென்காசிக்காரர் ஒருவர், அது அவருடைய காலஞ்சென்ற தந்தையின் பெயர் என்று மட்டும் சொன்னார். உடனே வேறு சான்றிதழ் எடுத்துக் கொடுத்தோம்.

தொடக்க விழாவில் குத்துவிளக்கு மின்விசிறிக் காற்றுக்கு அணைந்து அணைந்து போனது. ஒரு மாணவன் விசிறிகளை நிறுத்திய பிறகே ஐந்து முகமும் நின்று எரிந்தன. மைய உரையைக் கூடத்தின் கடைசியில், ஒலிப்பெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். பேரிடருக்கு ஆளானவரை ஒரே அமர்வில் நடந்தது முழுவதையும் சொல்ல வைத்து மனத்தை இறக்கிவைக்கச் செய்யும் முறையை 1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களுக்காக வகுத்தார். அது பிறகு பாதிக்கப்பட்ட பொதுமக்களிடமும் பரவலாகக் கையாளப்பட்டது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று கண்டதால், உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக 2011-இல் அந்நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், இணை என்ற மூன்று செயல்களைச் சொல்கிறது. பாதுகாப்பையும் அவசரத் தேவையையும் பார்க்க வேண்டும். வற்புறுத்தாமல் கேட்க வேண்டும். உணவு, தகவல், உறவினர், மருத்துவம் ஆகியவற்றோடு அவரை இணைக்க வேண்டும். பேசச் சொல்லி நெருக்குவது முதலுதவி ஆகாது. சுனாமிக்குப் பின் குழந்தைகளிடம் ஓவியத்தாளை நீட்டி, "அலையை வரை" என்று மறுபடி மறுபடி கேட்ட நல்லெண்ணக்காரர்கள் இருந்தார்கள் என்று என் மூத்த ஆலோசகர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இந்த உரையைக் கேட்டிருக்க வேண்டும்.

புரட்டாசி மாதம் என்பதால் சமையல் முழுக்கச் சைவம். மதியத்துக்குச் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். ஏறத்தாழ நானூறு பேர் சாப்பிட்டு முடித்து, தொண்டர்கள் இலையில் உட்கார மூன்றேகால் ஆயிற்று. அந்நேரத்துச் சொதி தண்ணீராக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முதல் பந்தியில் இருந்த அதே கெட்டியில், முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் பதமாக, எலுமிச்சை மணத்தோடு இருந்தது. சமையல் அண்ணாச்சியிடம் கேட்டேன். தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதி வருமுன் இறக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனி உருளியில் இறக்குவதாகச் சொன்னார். "மொதப் பாலப் பூரா மொதப் பந்திக்கே ஊத்திட்டா, வேல பாத்த பிள்ளைய எதத் திங்கும்?" என்றார். விருந்தினர்களின் பாராட்டுரையில் அவர் பெயர் வரவில்லை. நாளைய நன்றியுரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

மாலையில் போஸ்டர் கூடம். 1890-களிலிருந்தே பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் பள்ளி நடத்திவரும் ஊர் பாளையங்கோட்டை. ஆனால் ஆய்வுப் போஸ்டர்களை ஒட்டும் நாம், பார்க்க முடியாத ஒருவர் வருவார் என்று எண்ணுவதில்லை. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் பதிவு செய்திருந்ததால் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அவருக்குத் துணையாக அனுப்பினோம். ஒவ்வொரு போஸ்டரையும் அவள் வாய்விட்டு வாசித்தாள். ஒன்றில் தலைப்பையும் முடிவையும் வாசித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தபோது, "இரும்மா, எத்தன பேருகிட்ட கேட்டாங்கன்னு போட்டிருக்கா?" என்றார். மாணவி குனிந்து தேடி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்ணை வாசித்தாள்: 18. ஆசிரியர் கட்டுரையாளரின் பக்கம் திரும்பி, பதினெட்டுப் பேரை வைத்து மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். அந்த இளைஞரும் முகம் சுளிக்காமல், முடியாது ஐயா, இது முன்னோட்ட ஆய்வுதான், தலைப்பிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். கண்ணுள்ளவர்கள் நூறு பேர் அதே போஸ்டரைக் கடந்து போயிருந்தார்கள்.

அக்டோபர் 11, சனிக்கிழமை

கருப்பட்டி காபி 15 ரூபாய். கல்லூரி வாசல் கடையில் நின்றபடியே குடித்துவிட்டு ஓடினேன். புரட்டாசிச் சனி, தீபாவளிக் கூட்டம் இரண்டும் சேர்ந்து வண்ணாரப்பேட்டைப் பாலம் அடைத்துக் கிடந்ததால் முற்பகல் அமர்வின் தலைவர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். அந்த நாற்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் களப்பணியாளர்களின் அமர்வு தொடங்கும்போது மணி நான்கே முக்கால். முன்வரிசை காலி. இருநூறு பேர் அமரும் கூடத்தில் மாணவர்களும், விடுதியில் தங்கியிருந்தவர்களும், சமையற்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த சில பெண்களும் இருந்தார்கள்.

எனக்கு நேரம் காட்டும் வேலை: மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம், சிவப்பு அட்டை முடிவு. செவிலியர் மூன்றாவதாக எழுந்தார். ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பணிபுரிபவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி கரை மீறியதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நீளவாக்குக் குறிப்பேட்டைத் திறந்தார். பழுப்பு அட்டை, முதுகில் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டியது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "மேகம் கறுத்தால் முதலில் போக வேண்டிய வீடுகள்" என்று எழுதி, கீழே கதவிலக்கமும் காரணமும் குறித்திருந்தார். ஒரு வீட்டில் மழை பெய்தால் பள்ளிக்குப் போக மறுக்கும் சிறுமி. ஒரு வீட்டில் ஆடு மாடு போனபின் குடிக்கத் தொடங்கியவர். இன்னொரு வீட்டில் ரேஷன் அட்டையையும் பட்டாவையும் பறிகொடுத்ததிலிருந்து உறங்காத முதியவர்.

"அவருக்கு நான் மாத்திர குடுக்கல மேடம். நகல் வாங்க எங்க போகணும், யாரப் பாக்கணும்னு எழுதிக் குடுத்தேன். கூடவே போனேன். அட்ட கைக்கு வந்த அன்னைக்கு மத்தியானமே படுத்து உறங்கிட்டாரு. சிறுமிக்கு அப்படி ஆகல. அவள மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போயி, இப்பமும் காட்டிட்டுத்தான் இருக்கோம். எது எதுக்குச் சரிவரும்னு பிரிக்கத் தெரியணும், அதுதான் எங்களுக்குச் சொல்லித் தரணும்."

எட்டு நிமிடம் நெருங்கியது. மஞ்சள் அட்டையை உயர்த்தினேன். அமர்வுத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் என்னைப் பார்த்து உள்ளங்கையை மெல்லக் கீழே தாழ்த்தினார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எவருக்கும் உயர்த்தவில்லை. முந்தைய நாள் மைய உரையில் கொள்கையாகக் கேட்ட மூன்று செயல்களையும் இந்த அம்மா கதவிலக்கத்தோடு வைத்திருந்தார். எந்தத் துயரம் நடைமுறை உதவியால் தணியும், எதற்குச் சிகிச்சை வேண்டும் என்ற பகுப்பு பயிற்சி பெற்றவர்களுக்கே எளிதல்ல. கேள்வியை அவர் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அந்நேரம் கூடத்தில் இல்லை.

அமர்வு முடிய ஆறு மணி தாண்டிவிட்டது. வெளியே இடியோடு மழை பிடித்துக்கொண்டு, நுழைவாயில் பதாகை கிழிந்து தொங்கியது. அல்வாப் பொட்டலத்தோடு நனைந்து திரும்பிய இரு விருந்தினர்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டார்கள். ஒலிப்பதிவு இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். ஒருவர் அங்கேயே நின்று தம் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை

செவிலியர் அழைத்திருந்ததால் காலையில் திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறினேன். கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டியதும் இரு பக்கமும் வாழைத் தோட்டங்கள். நேற்றைய மழையில் கழுவிவிட்ட பச்சை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தைக் கடக்கும்போது பக்கத்திலிருந்த பெரியவர், "இங்கனதான் ரயிலு நின்னுச்சு" என்று கைகாட்டினார். 2023 வெள்ளத்தின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு வண்டி, தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போனதால் இங்கே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் வெள்ளத்துக்கு நடுவே வெளியேற வழியின்றித் தங்கியபோது, அக்கம்பக்கத்து ஊர் மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையேடு எதையும் படித்துவிட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை.

துணை சுகாதார நிலையம் இரண்டு அறைக் கட்டடம். சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்தை நீல மையால் கோடிட்டிருக்கிறார்கள். என் தோளுக்கு மேல். செவிலியர் ஆமவடையும் சுக்குக் காப்பியும் வரவழைத்து, நேராக விஷயத்துக்கு வந்தார். வடகிழக்குப் பருவமழை வந்துகொண்டிருக்கிறது. ஆஷா ஊழியர், அங்கன்வாடி ஆசிரியர், மகளிர் குழு என்று சுற்று ஊர்களில் முப்பது பேருக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும். யாரைக் கூட நின்று கவனித்தால் போதும், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தமிழில், எடுத்துக்காட்டோடு சொல்ல வேண்டும். "பெரிய ஆள் எல்லாம் வேண்டாம். சாயந்திரம் வரைக்கும் இருக்கறவங்களா வரச் சொல்லுங்க" என்றார்.

அங்கிருந்தே தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். நேற்று அமர்வுத் தலைவராக இருந்த மருத்துவர் வரச் சம்மதித்துவிட்டதாகவும், வழிச்செலவு வேண்டாம் என்றதாகவும் பதினொரு மணிக்குள் பதில் வந்தது. நவம்பர் முதல் சனிக்கிழமை, பஞ்சாயத்து மண்டபம், வாடகை இல்லை. மைக் செட்டுக்கு 1,500 ரூபாய். எழுத்துரு சரிபார்த்த மூன்று மாணவர்களும் பயிற்சித் தாள்களைத் தட்டச்சு செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சமையல் அண்ணாச்சியிடம் முப்பது பேருக்கு விலை கேட்கும் பொறுப்பு என்னுடையது. அட்டவணையில் முதல் இடம் செவிலியருக்கு, காலை பத்து மணிக்கு. முடியும் நேரம் எழுதவில்லை.